யார் வைத்தது என்று துணி கேட்காது

காலையில் லேப் கதவைத் திறந்தபோது மேடம் தரையில் மண்டியிட்டிருந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தார். நூல் தீர்ந்ததும் பனியன் கம்பெனிகளில் தூக்கி எறிகிற காகிதக் கோன்கள் அவரைச் சுற்றி இறைந்து கிடந்தன. இடது கையால் ஒரு கோனைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்திலிருந்த அட்டைப் பெட்டிக்குள் போடுவார். உடனே வலது கையால் இன்னொரு கோனைத் தள்ளிக்கொண்டு எதிர்ப்பக்கப் பெட்டிக்குப் போவார். நடுவில் இரண்டு கைகளும் மோதிக்கொண்டால் கொஞ்ச நேரம் அப்படியே நிறுத்தி, எந்தக் கை விலக வேண்டும் என்று யோசிப்பார். நான் விளக்குமாற்றோடு வாசலிலேயே நின்றுவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, கொஞ்சமும் வெட்கப்படாமல், "வலது கை ஏமாத்துதுக்கா. எப்பவும் அதுதான் ஜெயிக்குது" என்றார்.

திருப்பூர் தாராபுரம் ரோட்டில் ஊருக்கு வெளியே இருந்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் லேபுக்கு நான் அட்டெண்டர். பத்தாவது வரை படித்தவள். அதற்கு முன்னால் ஒரு பனியன் கம்பெனியில் துணி பார்க்கும் செக்கிங் டேபிளில் நின்றேன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் எழாது. கண்ணைத் தூக்கி யாரையும் பார்க்கவும் மாட்டேன். மேடம் அங்கே விரிவுரையாளர். தென்காசிப் பக்கத்திலிருந்து, அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே, பனியன் வேலைக்காகத் திருப்பூர் வந்த குடும்பம். அப்பா பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின் ஓட்டினவர். இத்தனை வருடம் எங்கள் ஊரில் வளர்ந்தும் "சொல்லுதேன்", "பாக்கேன்" என்கிற தெற்கத்திப் பேச்சு அவரை விட்டுப் போகவில்லை. வகுப்பில் இங்கிலீஷ், எங்களோடு அந்தப் பேச்சு.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்த வருடங்களில் ரோபோப் போட்டி என்றால் பிள்ளைகளுக்குப் பைத்தியம். எங்கள் மாணவர்களும் ஏதேதோ செய்து எடுத்துக்கொண்டு வெளியூர் போவார்கள், தோற்றுத் திரும்புவார்கள். மேடத்துக்குத் தோல்வி பெரிதாகப் படவில்லை. போட்டியில் பந்தை எதற்காக ஒரு கட்டையின் மேல் வைக்கிறோம் என்று ஒரு பிள்ளைக்கும் சொல்லத் தெரியவில்லையே என்பதுதான் அவர் வருத்தம். நம் ஊருக்கு என்று ஒரு ஆட்டத்தை நாமே உண்டாக்கி, சுற்றுப்பட்ட கல்லூரிகளையும் பாலிடெக்னிக்குகளையும் கூப்பிட வேண்டும் என்று தாளாளரிடம் கேட்டார். தாளாளர் பெரிய பனியன் கம்பெனி முதலாளி. கோபம் ஏற ஏற 'ங்க' அதிகமாகும் மனிதர். அன்றைக்குக் கோபமில்லை. "ஒரு வருசம் நடத்திப் பாருங்க மேடம். நல்லா நடந்தா வருசா வருசம் வச்சுக்கலாம். தகராறு கிகராறு வந்துச்சுன்னா இதோட விட்டுப்போடலாங்க" என்றாராம். அன்றிலிருந்து மேடத்துக்கு வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. அவருடைய ஆட்டம் ஒரு நாள் கூத்தாக முடியுமா, நிலைத்து நிற்குமா என்பது அந்த ஒரு நாளில் இருந்தது.

விளையாட்டு என்றால் அது ஆதியிலிருந்து இருக்கிறது, நாம் போய் விளையாடுகிறோம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். யாரோ ஒருவர் உட்கார்ந்து அதை உண்டாக்குகிறார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. மேடத்தைப் பார்த்த பிறகுதான் கேரம் போர்டைக்கூட வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். சிவப்புக் காயைப் போட்டால் கூடவே இன்னொரு காயையும் போட வேண்டும் என்று என்றோ ஒருவர் யோசித்திருக்கிறார். அந்த ஒரு யோசனையால் இன்றுவரைக்கும் டீக்கடைக்குப் பக்கத்தில் ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நினைக்க நினைக்க எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

தன் இரண்டு கைகளும் ஒரே மனசு என்பதால் சரியான சண்டை வரவில்லை என்று மேடம் என்னைத் தரையில் உட்காரச் சொன்னார். "நீங்க ஒரு ரோபோக்கா. நான் ஒரு ரோபோ." எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வேண்டாங்க மேடம் என்று கெஞ்சிப் பார்த்தேன். விடவில்லை. அந்த வயதில் முட்டி போட்டுக் கோன் தள்ளினேன். கோன்களில் பாதிக்கு நுனி சிவப்பு, பாதிக்குப் பச்சை. சிவப்பு என் பெட்டிக்கு, பச்சை அவர் பெட்டிக்கு. எட்டிப் பார்த்த மாணவன் ஒருவன், "அக்கா, ரிவர்ஸ் கியர் போடுங்க, சுவத்துல இடிக்கப் போறீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

கிட்டே கிடந்த கோன்களையே பொறுக்கிப் போட்டு நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். மேடத்துக்கு அது பிடிக்கவில்லை. கவிழ்த்த வாளியின் மேல் சில கோன்களை வைத்து, அவை ஒவ்வொன்றுக்கும் மூன்று பாயின்ட் என்றார். அதன் பிறகு நான் தரையைத் திரும்பியே பார்க்கவில்லை, வாளிக்கே போனேன். மறுபடி யோசித்தார். மூன்றை இரண்டாக்கினார். அப்போதுதான் முதல்முறையாக நான் நடுத் தரையில் அப்படியே நின்றுவிட்டேன். வாளிக்குப் போவதா, கீழே கிடப்பதை எடுப்பதா என்று தெரியவில்லை. மேடம் சின்னப் பிள்ளைபோலக் கை தட்டினார். "இதுதாங்க்கா வேணும். நின்னு யோசிச்சீங்கள்ல, அந்த இடத்துலதான் விளையாட்டு இருக்கு." ஒரே ஒரு எண்ணை மாற்றி என் மனசுக்குள் அவர் தடுமாற்றத்தை உண்டாக்கிவிட்டார். அன்றைக்கு அவரை நிமிர்ந்து பார்த்தேன். ஒருவர் முகத்தை அப்படி நான் பார்த்தது அபூர்வம்.

விதிகள் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். மற்ற ஆசிரியர்கள் ரோபோவுக்குக் கை இருக்க வேண்டும், இத்தனை மோட்டார் இருக்க வேண்டும் என்று எழுதச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. பெட்டியின் விளிம்பு ஒரு சாண் உயரம் என்று மட்டும் போட்டார். "கை வேணும்னு எழுதக் கூடாதுக்கா. கை இல்லாம முடியாதுன்னு பண்ணிரணும்" என்று என்னிடம் சொன்னார். ரோபோ எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்கு அளவுகோலே இல்லை. பனியன் அனுப்பும் கார்ட்டன் பெட்டி ஒன்றை மேலே கவிழ்ப்போம். மூடினால் சரி, மூடாவிட்டால் வெளியே. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அந்தப் பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டே அளந்துவிடுவார்கள்.

எல்லாவற்றையும்விடக் கடுமையான விதி ஒன்று இருந்தது. ஒரு பெட்டியில் நிறம் மாறி ஒரே ஒரு கோன் விழுந்திருந்தாலும் அந்தப் பெட்டி முழுவதற்கும் பூஜ்யம். வெளியாட்களுக்கு இது அநியாயமாகத் தெரியும். எங்களுக்கு அப்படியில்லை. கோனில் சுற்றியிருக்கும் நூல் எல்லாம் கண்ணுக்கு ஒரே வெள்ளைதான். எது என்ன நூல் என்பதைக் கோன் நுனியின் நிறம்தான் சொல்லும். மெஷினில் ஒரு கோன் மாறிவிட்டால் துணியின் நெடுகிலும் பட்டை விழும். சாயம் ஏறிய பிறகுதான் அது தெரியும். அப்படி வந்த துணிகளை நான் செக்கிங் டேபிளில் உருட்டி உருட்டி ஒதுக்கியிருக்கிறேன். வேண்டுமானால் ஒன்றிரண்டு பாயின்ட் குறைத்துக்கொள்ளலாமே என்று ஆசிரியர்கள் கேட்டபோது மேடம் தன் அப்பா வீட்டில் சொல்வதையே சொன்னார்: "யாரு வச்சான்னு துணி கேக்காது." அந்த விதியை அவர் தொடவிடவில்லை.

இதில்தான் எங்கள் தவறு இருந்தது. வாரக்கணக்கில் நானும் மேடமும் தரையில் ஆடியிருக்கிறோம். மாணவர்களை ஆடவிட்டும் பார்த்திருக்கிறோம். என் சிவப்புக் கோன் ஒன்றைக் கொண்டுபோய் அவர் பெட்டியில் போட்டால் அவர் சேர்த்ததெல்லாம் பாழாகிவிடும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை. எங்கள் மாணவர்களும் முக்கால்வாசிப் பேர் பனியன் கம்பெனிக் குடும்பங்கள். சம்பளத் தகராறில் முதலாளியைத் திட்டிவிட்டுப் போகிறவன்கூட என்ன வேண்டுமானாலும் செய்வான், வேண்டுமென்றே கோனை மாற்றி வைக்க மாட்டான். எங்களில் ஒருவர் கையும் அந்தப் பக்கம் நீளாது. நீளாத கைகளை வைத்துக்கொண்டு ஆட்டத்தைச் சோதித்துப் பார்த்திருக்கிறோம்.

போட்டி நாளில் கல்லூரி அரங்கில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு நடுவில் பிளைவுட் களம் போட்டிருந்தது. தாராபுரம், உடுமலை, வெள்ளகோவில் என்று பல ஊர்களிலிருந்து பிள்ளைகள் ரோபோக்களைத் துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்க எனக்கு உடம்பு சிலிர்த்தது. கார் வைப்பர் மோட்டாரில் ஒரு கை. சைக்கிள் கம்பியில் ஒரு கை. வீட்டில் பரண் மேலிருந்து எடுத்த பொம்மை லாரியில் ஒரு கை. மேடத்தை முன்பின் பார்த்திராத பிள்ளைகள். ஆனால் எல்லாக் கைகளும் ஒரு சாண் உயரத்துக்குச் சரியாக எழுந்தன. அவர் லேபில் உட்கார்ந்து எழுதிய ஒரு வரி, ஊர் ஊராகப் போய் விதவிதமாக முளைத்துத் திரும்பி வந்திருந்தது.

ஒவ்வொரு ஆட்டமும் சில நிமிடம். விசில் ஊதிக் கணக்கு முடிக்கும் வேலையை மேடம் என்னிடம் கொடுத்தார். அத்தனை கூட்டத்தில் நானா என்று பின்வாங்கினேன். "நீங்கதாங்க்கா யார் முகத்தையும் பாக்க மாட்டீங்க. கடிகாரத்தை மட்டும் பாத்து ஊதிருவீங்க" என்றார். அது பாராட்டா கேலியா என்று எனக்கு இன்றும் தெரியாது.

காலையிலும் மதியத்துக்குப் பிறகும் எல்லோரும் எல்லோரோடும் ஆட வேண்டும். அதிகப் பாயின்ட் எடுக்கும் இரண்டு அணிகள் சாயங்காலம் கடைசி ஆட்டம் ஆட வேண்டும். எங்கள் கல்லூரி அணியில் ரோபோவை ஓட்டியது மூன்றாம் வருடப் பெண் ஒருத்தி. அன்றைய ரோபோக்கள் மின்கம்பி இணைப்பில் ஓடுகிறவை. ஒருவர் சுவிட்சுப் பலகையைப் பிடித்து ஓட்ட, இன்னொருவர் கம்பி சக்கரத்தில் சிக்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவார். அவள் ஓட்டினால் பெட்டி மளமளவென்று நிறைந்தது. அவளுக்கு எதிராக வெள்ளகோவில் பாலிடெக்னிக் பையன்கள் வந்தார்கள். காடு தோட்டத்துப் பிள்ளைகள். அவர்கள் ரோபோ கிரீச் கிரீச் என்று ஊர்ந்தது. பச்சைக் கோன் ஒன்றைப் பிடித்துக்கொண்டு தங்கள் பெட்டிக்குப் போகாமல் எங்கள் பெட்டியை நோக்கி வந்தபோது, வழி தெரியாமல் வருகிறது என்று அரங்கமே சிரித்தது. அது வந்து, கையைத் தூக்கி, பச்சைக் கோனை எங்கள் சிவப்புக் கோன்களின் மேல் போட்டது. சிரிப்பு நின்றது. நேரம் முடிந்து நான் விசில் ஊதினேன். மேடம் பெட்டியைக் குனிந்து பார்த்தார். பிறகு மைக்கில், "சிவப்புப் பெட்டி, பூஜ்யம்" என்றார்.

அரங்கம் இரண்டாகிவிட்டது. எங்கள் மாணவர்கள் களத்தைச் சுற்றி நின்று கத்தினார்கள். வெள்ளகோவில் பையன்களில் நெட்டையாக இருந்தவன் மட்டும் பதற்றமே இல்லாமல் சொன்னான்: "பண்ணக்கூடாதுன்னு எங்கீங்க போட்டிருக்குது? வெள்ளாமைக்காரன்தானுங்க வேலி போடோணும். ஆட்டைத் திட்டி என்னுங்க பண்றது?"

தாளாளர் மேடையிலிருந்து இறங்கி மேடத்தின் மேசைக்கு வந்தார். "ஏனுங்க மேடம், அவங்க கொண்டாந்து போட்டதுக்கு நம்ம பசங்க என்னங்க பண்ணுவாங்க? அதை எடுத்து வச்சுட்டு எண்ணிப்போடுங்க" என்றார். மேடம் தன் அப்பாவின் அந்த வார்த்தையைச் சொன்னார். பனியன் கம்பெனி முதலாளிக்கு அது புரியாமல் இல்லை. "இது துணி இல்லீங்களே மேடம், விளையாட்டுங்க" என்றார். மேடத்தின் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன. குரல் மட்டும் அசையவில்லை. "காலையில எல்லாரும் இதைப் படிச்சிட்டுதான் உள்ள வந்தாங்க சார். தப்பு இருந்தா நான் எழுதுனதுல இருக்கு, அந்தப் பையங்ககிட்ட இல்ல. இப்ப மாத்துனா இனி நான் எழுதுற எதையும் ஒருத்தரும் நம்ப மாட்டாங்க." தாளாளர் தலையை ஆட்டினார். "சரிங்க. உங்க இஷ்டங்க. இந்த வருசத்தோட நிறுத்திக்கலாங்க மேடம்ங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தனை 'ங்க'வை அவர் வாயில் நான் கேட்டதில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேடம் சாப்பிடவில்லை. அடுத்த வருடப் போட்டி கைவிட்டுப் போனதுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. இனிமேல் எல்லோரும் எதிராளிப் பெட்டியில் ஒரு கோனைப் போட்டுவிட்டு நிற்பார்கள், எல்லா ஆட்டமும் பூஜ்யத்துக்குப் பூஜ்யம் என்று முடியும், அதுதான் அவர் கவலை. "நானே உண்டாக்கி நானே கொன்னுட்டேனாக்கா?" என்று கேட்டார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

பிறகு அரங்கத்துக்குள் போனோம். அங்கே ஒருவரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை. தரையெங்கும் அட்டை, கத்தரி, இன்சுலேஷன் டேப். உடுமலைப் பிள்ளைகள் ரோபோவின் முதுகில் மடித்து விரிக்கிற அட்டை இறக்கை ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தார்கள், பெட்டி நிறைந்ததும் பின்வாங்கிப் போய் அதன்மேல் கோழிபோல உட்கார்ந்துகொள்ள. தாராபுரம் அணி கோன்களை ரோபோவுக்குள்ளேயே சேர்த்து வைத்துக்கொண்டு கடைசி நொடியில் கொட்டிவிட முடியுமா என்று பார்த்தது. காலையில் ஒரே மாதிரி ஆடிய ரோபோக்கள் மதியத்துக்குள் ஒவ்வொன்றும் ஒரு குணத்துக்கு மாறிக்கொண்டிருந்தன. மேடம் வாசற்படியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு விதியையும் அவர் மாற்றவில்லை. மாற்றாமல் விட்டதற்குள்ளிருந்து இத்தனையும் கிளம்பி வந்தது.

எங்கள் அணிப் பெண்ணுக்குக் கண் சிவந்திருந்தது. காலையில் அதிகமாகக் கத்தியவளும் அவள்தான். மேடத்திடம் வந்து, முகத்தைப் பார்க்காமல், "உள்ள விழுந்ததை நாமளே எடுத்து வெளிய போட்டுப்போடலாங்களா மேடம்?" என்று கேட்டாள். மேடம் சுவரில் ஒட்டியிருந்த விதிப் பக்கத்தைக் காட்டி, கடைசி வரியைப் படி என்றார். 'விசில் ஊதும்போது பெட்டியில் இருப்பது மட்டுமே கணக்கு. விளிம்பைத் தொட்டிருந்தாலும் உள்ளே இருப்பதாகவே கொள்ளப்படும்.' துள்ளி வெளியே விழும் கோன்களால் சண்டை வரக்கூடாது என்று எழுதிய வரி அது. அதற்குள் இப்படி ஒரு வழி இருப்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அவள் ஓடிப்போய்ப் பழைய சைக்கிள் டியூபைக் கீறி ரோபோவின் விரல்களில் சுற்ற ஆரம்பித்தாள்.

மதிய ஆட்டங்களும் முடிந்து, மொத்தப் பாயின்ட் கணக்கில் கடைசி ஆட்டத்துக்கு எங்கள் கல்லூரியும் வெள்ளகோவிலும் வந்தன. அவள் இறக்கை கட்டவில்லை, காவலும் வைக்கவில்லை. நிறைத்துக்கொண்டே போனாள். பாதி ஆட்டத்தில் பச்சைக் கோன் வந்து விழுந்தது. அரங்கம் உச்சுக் கொட்டியது. அவள் தன் ரோபோவைத் திருப்பினாள். கோன்களை உள்ளே போடத்தான் அத்தனை கைகளும் அன்று வந்திருந்தன. வெளியே எடுக்கக் குனிந்த முதல் கை அது. ஒரு சிவப்பைப் பிடித்தது, விட்டது. மறுபடி குனிந்தது. பச்சை. மெல்ல மெல்ல மேலே வந்தது. மோட்டாரின் முனகல் மட்டும் கேட்டது. பேட்டரி தளர்ந்துவிட்டது. கோன் விளிம்பில் சாய்ந்து பாதி உள்ளே பாதி வெளியே நின்றபோது என் கடிகாரத்தில் நேரம் முடிந்தது. நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஊதினேன்.

தன் ஆட்டத்தில் அதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்த பிள்ளைக்கு, மேடம் தன் வாயாலேயே, "சிவப்புப் பெட்டி, பூஜ்யம்" என்றார். இந்த முறை யாரும் கத்தவில்லை. கோப்பையைத் தாளாளர் வெள்ளகோவில் பையன்கள் கையில் கொடுத்தார், இரண்டு வார்த்தை பேசினார், காருக்குப் போனார்.

இப்போதெல்லாம் டிவியில் காட்டுகிறார்கள். ரோபோக்கள் கம்பி இல்லாமல் ஓடுகின்றன, தாங்களே நிறம் பார்த்துப் பிரிக்கின்றன. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் உடம்பு சிலிர்ப்பதற்கு நான் இன்னும் அந்தச் சாயங்காலத்துக்குத்தான் போகிறேன். நாற்காலிகளை இழுக்கும் சத்தம். கூட்டம் வாசலில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. அவள் மட்டும் சுவிட்சுப் பலகையைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தாள். "இன்னொருக்கா பண்ணிப் பாக்கட்டுங்களா மேடம்?" மேடம் தலையசைத்தார். கம்பி பிடிக்கிற பையன் கோபத்தில் எப்போதோ போய்விட்டான். வெள்ளகோவில் நெட்டையன் கோப்பையை இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டு வந்து, தன் ரோபோவின் பேட்டரியைக் கழற்றி அவள் ரோபோவில் மாட்டி, கம்பியைத் தூக்கிப் பிடித்தான். பாயின்ட் கிடையாது. விசில் என் பையில் இருந்தது. கை எழுந்தது, கோன் விளிம்பைத் தாண்டியது, கீழே விழுந்து உருண்டது. வாசலில் நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பி நின்றுவிட்டார்கள்.

அவர்களை விலக்கிக்கொண்டு தாளாளர் உள்ளே வந்தார். எப்போது காரிலிருந்து இறங்கினார் என்று தெரியவில்லை. களத்துக்குள் நடந்து போய், உருண்டு கிடந்த கோனை எடுத்து, நுனியை விரலால் தடவிப் பார்த்து, எதிர்ப்பக்கம் போய்ப் பச்சைப் பெட்டியில் வைத்தார். அங்கேயே கொஞ்ச நேரம் இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு யாரையும் பார்க்காமல் கேட்டார்:

"ஏன் மேடம், அடுத்த வருசம் மூணு நெறம் வச்சா எப்படி இருக்கும்?"